துடைத்த சுரம்

இப்போது வரும். இந்தப் பாட்டுக்காரன் இன்னும் இரண்டு வரி இழுப்பான், அப்புறம் ஒரு மூச்சு விடுவான், அந்த மூச்சுக்குள் அது வந்து விழும். வராமல் போனால் என்ன? ஒரே ஒரு தடவை, வழி தவறி, வேறு ஏதாவது வந்து விழக்கூடாதா?

வந்தது.

லிஸ்ட்ரா மாக்ஸி வேனின் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மடி நிறைய மீன் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த பெண் கால்விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் சத்தத்தை இன்னும் கூட்டினார். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இனிப்பான ஸ்டீல் டிரம் ஓசைக்கு நடுவில் ஒரே ஒரு சுரம், ஈ ஃபிளாட், கொஞ்சம் கோணலாக, இரண்டு பேர் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பது போல அடித்துக்கொண்டு ஓய்ந்தது. பல்லிடுக்கில் மாட்டிய மீன்முள் அளவுதான். அது இருப்பது அந்த நாக்குக்கு மட்டும்தான் தெரியும்.

அதை அடித்தது அவள் கை. மூன்று வருஷமாக அந்தச் சுரம் அவளைத் தேடித் தேடி வருகிறது. சோப்பு விளம்பரத்தில் வந்தது. வங்கிக்குப் போன் போட்டால், காத்திருங்கள் என்ற குரலுக்குப் பின்னால் வந்தது. அக்காவின் பெண் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த, வேறேதோ தேசத்துக் கார்ட்டூனில் ஒரு வாத்து குளத்தில் குதித்தபோது வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கார்னிவல் போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தபோது, ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டு பெட்டி மைக்குகளோடு பெல்மாண்ட் மேட்டில் இருக்கும் அவர்களுடைய வாத்திய முற்றத்துக்கு வந்தார். பாட்டு வேண்டாம் என்றார். டிரம்மின் குழிந்த முகத்தில் இருக்கிற இருபத்தொன்பது சுரமும் தனித்தனியாக வேண்டும். ஒவ்வொன்றும் எட்டு விதமான அழுத்தத்தில், ஒவ்வொரு அழுத்தத்திலும் நான்கு தடவை. அதையெல்லாம் ஒலித்தொகுப்பாக அடுக்கி விற்பார்களாம். வாங்குகிறவன் உலகத்தின் எந்த மூலையில் உட்கார்ந்து கீபோர்டு கட்டையைத் தட்டினாலும் ட்ரினிடாட் டிரம் ஒலிக்குமாம். கோழியை முழுசாக விற்காமல் கால் தனி, நெஞ்சு தனி என்று போட்டு விற்கிற வியாபாரம் என்று லிஸ்ட்ரா அப்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

வாத்தியக் குழுவின் கேப்டன் ஷர்லண்டின் கவலை வேறு. முற்றத்துக்குக் கூரை இல்லை. ஒவ்வொரு மழைக்கும் தொண்ணூறு டிரம்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கம்பெனி கூரை போட்டுத் தர ஒப்புக்கொண்டது. ஆனால் போட்டிக்கென்று சுதி சேர்த்து வைத்த டிரம்மை ஜனவரி மாதத்தில் வெளியாள் மைக்குக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதா? எந்த முற்றத்திலும் அப்படி நடக்காது. எதிர்க்கோஷ்டி காதில் விழுந்துவிட்டால்? அடித்து அடித்துச் சுதி கலைந்துவிட்டால்?

"நல்லது நமக்கு. அந்த ஆளுக்குத் தார்ப்பாய்க்கு அடியில கிடக்குற பழசை எடுத்துக் குடு" என்றான் ஷர்லண்ட். "அவனுக்கு எல்லாமே டிங் டிங்தான்."

பழைய டிரம்மைத் தூக்கி வந்து பார்த்தபோது ஈ ஃபிளாட்டின் மேல் ஒரு பெருக்கல் குறி இருந்தது. சுதிக்காரர் அன்ஸெல்ம் போட்டது. வேலை முடியாத சுரத்தில் சாக்பீஸால் அப்படிக் குறி போட்டுவிட்டுப் போவார். அவரே திரும்பி வந்து சுத்தியலால் தட்டிச் சரிசெய்து, அவரே துடைப்பார். அதுவரைக்கும் அந்த இடத்தில் குச்சி படக்கூடாது. இதை முற்றத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் அன்ஸெல்ம் ஒரு நாளைக்கு மூன்று முற்றம் என்று ஓடிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர் படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினார். "துடைச்சு விடு, அசிங்கமா இருக்கு" என்றான் ஷர்லண்ட். லிஸ்ட்ரா ஈரத்துணியால் துடைத்தாள்.

ஈ ஃபிளாட் வந்ததும் அந்த ஆள் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, "இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கிற குரல்.

"இப்படித்தான்" என்றாள் அவள்.

தொள்ளாயிரத்து இருபத்தெட்டு அடி. அதில் எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு அடியை அவள் வாழ்க்கையிலேயே மிகச் சுத்தமாக அடித்தாள் என்று சொல்லலாம். ஒரு சுரத்தில் செய்த தப்பை மற்ற இருபத்தெட்டில் ஈடு கட்டிவிடலாம் என்று கை நினைத்ததோ என்னவோ. அவளுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள், ஒரே தடவைதான். முற்றத்துக்குக் கூரை வந்தது. அன்ஸெல்முக்கு என்ன தருவது என்று யாருக்கும் தெரியாததால், 'சுதி: அன்ஸெல்ம் கிட்டன்ஸ்' என்று தொகுப்பின் முகப்பில் பெயரைப் போட்டார்கள். அவர் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

போன ஈஸ்டருக்கு முன்னால், எங்கோ குளிர்தேசத்துப் பள்ளிக்கூடம் ஒன்று அவரிடம் சொல்லி வைத்திருந்த ஆறு டிரம்களை வேண்டாம் என்று எழுதிவிட்டது. காரணத்துக்கு அவர் பெயர் போட்ட தொகுப்பின் ஈ ஃபிளாட்டையும் அனுப்பியிருந்தது. அன்ஸெல்ம் கேட்டார். தொகுப்புக்குக் கொடுத்தது கிறிஸ்துமஸ் வாரத்தில் தன் கையால் சுதி சேர்த்த போட்டி டிரம்தான் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படியானால் அந்தக் கோணல் அவர் காதைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும். மறுநாள் முற்றத்துக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காது போய்விட்டது என்று ஷர்லண்டிடம் இரண்டே வார்த்தை சொல்லிச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். அறுபது வயதுகூட ஆகவில்லை.

எட்டு மாதம். இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று லிஸ்ட்ரா ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். சொல்லாமல் விட்ட வாரம் அடுத்த வாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரம் தள்ளிச் சொல்ல ஒரு காரணம் போதும். இரண்டு மாதம் தள்ளினால் அதற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது அவளிடம் இருந்தது ஒரு தப்பு மட்டும் இல்லை. தப்பும், அதைப் பொத்திவைத்த எட்டு மாதமும். இரண்டில் எதற்கு அதிகமாக வெட்கப்படுகிறாள் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெஸ்டன் அவள் வேலை செய்யும் சார்லட் தெருத் துணிக்கடைக்கு வந்தான். முன்னே அவர்களோடு சேர்ந்து வாசித்தவன். இப்போது சொந்தமாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்து, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இங்கே வேலை முடித்துக் கொடுக்கிறான்.

"லிஸ், மூணு கஜம் சிரிப்பு வெட்டிக் குடேன்."

"ஸ்டாக் இல்ல. எதிர்க்கடையில கேளு."

"எதிர்க்கடைக்காரி என்னைக் கண்டா கத்திரிக்கோலைத் தூக்குறா." மேஜைமேல் விரித்திருந்த கிறிஸ்துமஸ் திரைத்துணியில் முழங்கையை ஊன்றினான். "விஷயம் இதுதான். தொகுப்போட புதுப் பதிப்பு வருது. அந்த ஈ ஃபிளாட்ட மாத்தணுமாம். வாங்குனவன்லாம் எழுதித் தள்ளுறான். இருபத்தெட்டு தேன், ஒண்ணு ஊசிப்போன சூப்புன்னு."

லிஸ்ட்ரா அளவுகோலைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி வைத்தாள். "கம்ப்யூட்டர்ல சரி பண்ண வேண்டியதுதானே."

"பண்ணிப் பாக்காம இருப்பாங்களா? அடியில இருக்குறத இழுத்தா மேல இருக்குறது பிசகுது. பக்கத்துச் சுரத்த நீட்டி வெச்சா பிளாஸ்டிக் வாளிய தட்டுன மாதிரி இருக்கு. உன் கைதான் வேணுமாம். அதே கை, அதே அழுத்தம். முப்பத்திரண்டு அடி. ஒரு மணி நேரம் உக்காந்தாப் போதும்."

"எந்த டிரம்ல?"

"டெவோன் சுதி சேத்தது. புதுசு. கண்ணாடி மாதிரி இருக்கு."

"அன்ஸெல்ம் அங்கிள் பேரு?"

கெஸ்டன் திரைத்துணியில் அச்சடித்திருந்த மணியை விரலால் சுற்றினான். "எடுத்துடுவாங்க. டெவோன் பேர் வரும். பழைய பதிப்புல சுதிக் குறை இருந்துச்சு, திருத்தியாச்சுன்னு கீழ ஒரு வரி போடுவாங்க. சின்ன எழுத்துதான்."

"பணம் குடுக்காததுக்குத்தான் பேர் குடுத்தாங்க. இப்ப அதையும் எடுத்துக்குறாங்களா?"

"ஏய், என்னை ஏன் முறைக்குற? டிரம் முற்றத்தோடது. சுதி அவரோடது. கை உன்னோடது. சத்தம் யாரோடது? எவன் பட்டனை அமுக்கினானோ அவனோடது. இதை நான் எழுதல, லிஸ். நான் எழுதியிருந்தா எனக்கு ஒரு கார் வந்திருக்கும்."

சொல்லிவிடலாமா என்று அப்போது தோன்றியது. கெஸ்டனிடம், இந்த மேஜையில், அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டே. ஆனால் அன்ஸெல்மிடம் சொல்வதற்கு முன்னால் இவனிடம் சொன்னால் அது இன்னொரு திருட்டு என்று பட்டது.

"புதன்கிழமை சாயங்காலம் வா" என்றான். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "அவர்கிட்ட நானே போய்ச் சொல்லிட்டேன். அவருக்குச் சம்மதம்தான்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லிஸ்ட்ரா அவர் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேஜையில் சிவப்பு மலையாகச் சோரல் பூ குவிந்திருந்தது. கிறிஸ்துமஸ் பானத்துக்காக அன்ஸெல்மின் மனைவி மெர்ல் இதழை உரித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"வா வா. உள்ள ஒருத்தர் செத்துப்போயிட்டார்னு அவரே சொல்லிட்டுத் திரியுறார். வந்து பாத்துட்டுப் போ" என்றாள் மெர்ல். "போன வாரம்கூட அந்த ஒரே டிங்கைப் போட்டுப் போட்டுக் கேட்டார். எங்க வீட்டு நாய் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிடுச்சு."

"இன்னுமா கேக்குறார், டான்டி?" மெர்லை முற்றத்தில் எல்லாரும் அத்தை என்ற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"கேட்டுட்டு என்னைக் கூப்பிட்டு, உனக்குக் கோணலாத் தெரியுதாங்குறார். நான் என்ன சொல்ல? தெரியுதுன்னா மூஞ்சி தொங்குது. தெரியலன்னா, உனக்கு என்ன தெரியும்ங்குறார். நாப்பது வருஷமா அந்தச் சுத்தியல் சத்தத்தத் திட்டினேன். இப்ப சத்தம் இல்லாம தூக்கம் வரல, போயேன்."

அன்ஸெல்ம் பின்வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கூண்டு. உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் குருவி. விசில் போட்டிக்கு வளர்க்கிற ஜாதி. சுவரோரம் தகர டப்பாவில் சுத்தியல்கள் செய்தித்தாள் சுற்றி நின்றன. செய்தித்தாள் மஞ்சளாகியிருந்தது.

"இவன் காது என் காதைவிட நல்லா இருக்கு, பொண்ணே. சம்பளமும் கேக்க மாட்டான்" என்றார்.

லிஸ்ட்ரா படியில் உட்கார்ந்தாள். வேனில் வரும்போது எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அந்த வரிசை கலைந்துவிட்டது. நேராகச் சொன்னாள். ஷர்லண்ட் பழசை எடுக்கச் சொன்னது, தார்ப்பாய், கேமரா, துணி.

"நீங்க சுதி சேத்த டிரம் இல்ல அங்கிள் அது. நீங்க குறி போட்டு வெச்சிருந்தீங்க. வெள்ளையா, பெருசா, ஈ ஃபிளாட்டு மேல. நான்தான் துடைச்சேன். உங்க காதுல ஒண்ணும் இல்ல. தப்பு முழுக்க என்னோடது."

அன்ஸெல்ம் குருவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் குருவியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

"வெள்ளையாவா?"

"ஆமா."

"அந்த சீசன் என்கிட்ட வெள்ளை சாக்பீஸே இல்லயே, லிஸ்ட்ரா. பளபளக்குற இரும்புல வெள்ளை தெரியலன்னு சொன்னேன்னு நீதான உன் கடையிலேந்து தையல்காரங்க போடுற நீலக் கட்டிய ஒரு டப்பா கொண்டாந்து குடுத்த? அந்த வருஷம் எல்லா முற்றத்துலயும் நீலமாத்தான் போட்டேன்."

நீலம். அவர் சொன்னதும் அவளுக்கு அது கண்ணுக்குள் வந்துவிட்டது: ஈரத்துணியின் மடிப்பில் நீலம், நகக்கண்ணில் நீலம், அன்று ராத்திரி சோறு பிசையும்போதுகூட விரலோரத்தில் இருந்த நீலம். இத்தனை வருஷமாக அந்தத் துணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் நிறத்தை எங்கேயோ தொலைத்திருக்கிறாள்.

"நீலம்தான் அங்கிள். ஆமா, நீலம். இப்ப ஞாபகம் வருது, என் கையெல்லாம்…"

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. துணிக்கடையில் அவளே தினமும் கேட்கிற குரல். அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டுக் கத்தரித்த பிறகு மாற்றிச் சொல்கிறவர்களின் குரல்.

"விடு" என்றார் அன்ஸெல்ம் மென்மையாக. "நல்ல மனசு உனக்கு. கெஸ்டன் வந்துட்டுப் போனத மெர்ல் சொல்லியிருப்பா. நீ ராத்திரி பூரா உக்காந்து இதை யோசிச்சிருக்க."

"யோசிக்கல. நடந்தது. வேணும்னா ஷர்லண்டைக் கேளுங்க."

"கேட்டேனே. ஈஸ்டருக்கே கேட்டேன். எது குடுத்தீங்கன்னு. நல்லதத்தான் குடுத்தோம்னான்."

கூரை போட்டுத் தந்த கம்பெனியின் காதுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் ஷர்லண்ட் வேறு என்ன சொல்வான். லிஸ்ட்ரா அந்தப் பழைய டிரம்மை நினைத்தாள். அதை அரீமாவில் ஏதோ பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். டெவோன் அதைத் தட்டிச் சரிசெய்து இரண்டு வருஷம் ஆகிறது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நிறம். அதையும் அவள் தவறாகச் சொல்லிவிட்டாள்.

"எட்டு மாசமா ஏன் சொல்லலன்னாவது திட்டுங்களேன்" என்றாள்.

"நடக்காததுக்கு எதுக்குத் திட்டணும்?" அவர் கூண்டை இறக்கிவைத்து அவள் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. ஒரு மனுஷன் தன் காது போயிடுச்சுன்னு ஒத்துக்க எவ்வளவு நாளாகுதுன்னு உனக்குத் தெரியாது. எனக்கு ஆயிடுச்சு. ஒத்துக்கிட்டேன். இப்ப நீ வந்து, போகலன்னு சொன்னா நான் மறுபடி முதல்லேந்து ஆரம்பிக்கணும். அந்தத் தெம்பு இல்ல."

உள்ளே மெர்ல் உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"நீ எனக்கு ஏதாவது பண்ணணும்னா ஒண்ணு பண்ணு. புதன்கிழமை போய் டெவோன் டிரம்ல அந்தச் சுரத்த அடிச்சுக் குடு. என் பேர் அதுலேந்து போகட்டும். எவனோ எங்கயோ அதைக் கேக்குறப்பல்லாம் கீழ என் பேர் நிக்குது பாரு, அது இனிமே வேண்டாம். எனக்கு அது நிம்மதி."

அவர் கேட்டுவிட்டார். எட்டு மாதமாக, அவர் எதையாவது கேட்டால் தலையை அடகு வைத்தாவது செய்துவிடலாம் என்று ஏங்கிக்கொண்டிருந்தவளிடம் அவர் கேட்டது இது. லிஸ்ட்ரா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெர்ல் ஒரு பாட்டில் சோரல் கட்டிக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில், "நீ சொன்னது நெஜமா?" என்று கேட்டாள்.

"நெஜம்தான் டான்டி."

மெர்ல் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "நீலமா வெள்ளையா?" என்றாள்.

அந்த மூன்று நாளும் லிஸ்ட்ரா இரண்டு பக்கமும் நடந்து பார்த்தாள். அடித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அவர் கேட்டது நடக்கும். உலகத்துக்கு ஒரு நல்ல ஈ ஃபிளாட் கிடைக்கும். சோப்பு விளம்பரமும் வாத்தும் சுத்தமான சுதியில் குதிக்கும். அன்ஸெல்ம் கிட்டன்ஸின் காது பழுது என்பது சின்ன எழுத்தில் முடிந்த விஷயமாகிவிடும். கொடுக்காவிட்டால்? கெஸ்டன் வேறு ஆளைப் பிடிப்பான். கொஞ்சம் அழுத்தம் மாறும், அதை யார் கவனிக்கப் போகிறார்கள். அதுவரைக்கும் அந்தக் கோணல் சுரம் அவர் பெயரைத் தூக்கிக்கொண்டு அலையும். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு நல்லது எதுவும் இல்லை. அவள் கையில் இருந்தது முடிவு அல்ல, முப்பத்திரண்டு அடி மட்டும்.

புதன்கிழமை கடை மூடியதும் நேராகக் கெஸ்டனின் கூடத்துக்குப் போனாள். குச்சிகளை எடுத்துக்கொண்டுதான் போனாள். அந்தக் குச்சிகளைப் பையில் வைத்தபோது அடிக்கப் போகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

அறை நடுவில் டெவோனின் டிரம் இரண்டு மைக்குகளுக்குக் கீழே நின்றது. விளக்கு அதன் குழிவில் தேங்கியிருந்தது. கெஸ்டன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "கொஞ்சம் தட்டிப் பாரு, அளவு வெச்சுக்குறேன்" என்றான்.

அவள் ஈ ஃபிளாட்டை மெதுவாகத் தொட்டாள். எந்தக் குறையும் இல்லை. உருண்டு, நிமிர்ந்து, போகிற இடம் தெரிந்து போனது. இப்படி ஒரு சுரத்தை அன்று அந்த மனிதருக்குக் கொடுத்திருக்கலாம். முற்றத்தில் அப்போதே இருந்தது, இதைவிட நல்லது, அன்ஸெல்ம் தன் கையால் சுதி சேர்த்தது, துணி போர்த்தி.

"கெஸ்டன், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அந்தச் சின்ன எழுத்துல வேற மாதிரி போட முடியுமா? சுதிக்காரர் முடிக்காம குறி போட்டு வெச்சிருந்த சுரம், வாசிச்சவ அதைத் துடைச்சிட்டு அடிச்சிட்டான்னு."

கண்ணாடிக்குப் பின்னால் கெஸ்டனின் கை விசைகளின் மேல் நின்றது. அவன் எழுந்து இந்தப் பக்கம் வந்தான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான். அவன் நம்பினான், அது அவன் முகத்திலேயே தெரிந்தது. அத்தனை நாளில் அவளை நம்பிய முதல் ஆள் அவன்தான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"லிஸ், இதை வெளிய எங்கயும் சொல்லிடாத" என்றான். "வாத்தியம் சரியா இருக்குன்னு நீயும் ஷர்லண்டும் கையெழுத்துப் போட்டுருக்கீங்க. தெரிஞ்சே கெட்டதக் குடுத்தீங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா கூரையைப் பிரிச்சு எடுத்துட்டுப் போக மாட்டாங்க, ஆனா வேற ஏதாவது பண்ணுவாங்க. முற்றத்துல தொண்ணூறு பேர் இருக்காங்க."

"தெரியும்."

"அப்புறம் என்ன? பேசாம அடிச்சுக் குடுத்துட்டுப் போ. அவரே கேட்டுருக்கார்ல? அவருக்காகப் பண்ணு."

அவருக்காக. லிஸ்ட்ரா டிரம்மின் முகத்தைப் பார்த்தாள். இருபத்தொன்பது சுரமும் ஈரத் துணியால் அப்போதுதான் துடைத்தது போல மினுங்கின. எதன் மேலும் குறி இல்லை.

"போய் உக்காரு" என்றாள் கெஸ்டனிடம்.

அவன் நிம்மதியாக மூச்சு விட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனான். சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "முதல் அழுத்தம். ரொம்ப மெல்ல. நீ எப்ப ரெடியோ அப்ப."

லிஸ்ட்ரா குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தாள். அவரிடம் போய் அடிக்கவில்லை என்று சொன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். நாளைக்கோ மறுநாளோ இந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்றும் தெரியும். அவளுக்கு எந்தக் குறியும் எந்த நிறமும் தெரியாது, நன்றாக அடிப்பாள். ஆனால் அவர் போட்ட குறியை இரண்டாம் தடவை துடைப்பது இந்தக் கையாக இருக்கக்கூடாது.

"லிஸ்? ஓடிக்கிட்டிருக்கு."

"நிறுத்திடு, கெஸ்டன்" என்றாள். "நான் அடிக்கல."

"என்ன ஆச்சு? கை வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு."

குச்சிகளைப் பைக்குள் வைத்து, சோரல் கறை பட்டிருந்த அதன் வாயைச் சுருக்கி இழுத்து முடிந்தாள்.